சிறைக்குள் 13 வாரம்: போகலாமா என்று கேட்ட நர்ஸுக்கு

கேட்டவர் ஹூஸ்டனில் ஐசியு நர்ஸ். ஆறு வருட அனுபவம், கிரீன் கார்டு கையில். டெக்சாஸ் மாநிலச் சிறை ஒன்றில் 13 வார டிராவல் ஒப்பந்தம் (ஏஜென்சி வழியாக வேறு ஊருக்குப் போய்ச் செய்கிற தற்காலிக வேலை) இருக்கிறது, சம்பளமும் பரவாயில்லை என்று ஏஜென்சிக்காரர் நச்சரிக்கிறாராம். “அக்கா, போகலாமா? பயமா இருக்கு. ஊர்ல அம்மாவுக்குத் தெரிஞ்சா அழுவாங்க. உள்ளே போய் அப்படி என்னதான் வேலை? ஐசியு கைப்பழக்கம் போயிடுமா?” இதுதான் கேள்வி.

போகலாம். நான் மூன்று ஒப்பந்தம் முடித்திருக்கிறேன்: ஒரு கவுண்டி ஜெயில், இரண்டு மாநிலச் சிறைகள். அம்மாவிடம் “கவர்மென்ட் ஆஸ்பத்திரி” என்று சொல்லிவிட்டுத்தான் நானும் முதல் முறை போனேன். பயம் இருக்க வேண்டியதுதான், ஆனால் நீங்கள் நினைக்கிற இடத்தில் இல்லை. அதை விளக்கத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. ஏஜென்சிக்காரர்கள் ஜெயில், பிரிசன், கரெக்‌ஷனல் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்வார்கள். நமக்கு இரண்டும் ‘சிறை’தான். அமெரிக்காவில் அப்படியில்லை. ஜெயில் என்பது கவுண்டி ஷெரிஃப் கையில் இருப்பது. நேற்று இரவு பிடித்தவர், ஜாமீன் கட்ட முடியாதவர், சின்னத் தண்டனைக்காரர் எல்லாம் அங்கே. பிரிசன் மாநிலத்தினுடையது அல்லது மத்திய அரசினுடையது. பொதுவாக ஒரு வருடத்துக்கு மேல் தண்டனை பெற்றவர்கள். நர்ஸுக்கு இது இரண்டு வேறு வேலை. ஜெயிலில் ஆள் தெருவிலிருந்து நேராக வருவார். உள்ளே என்ன போட்டிருக்கிறார், கடைசியாக எப்போது குடித்தார், கர்ப்பமா, சாக நினைக்கிறாரா எதுவும் யாருக்கும் தெரியாது. முதல் மூன்று நாள்தான் கண்டம். பிரிசனில் வேலை மெதுவானது. சர்க்கரை, பி.பி., ஹெபடைடிஸ் சி, ஆஸ்துமா, மனநோய், அப்புறம் முதுமை. உங்களுக்கு வந்திருப்பது இரண்டாவது வகை. டெக்சாஸில் அதை ‘யூனிட்’ என்பார்கள். “எந்த யூனிட்?” என்று முதல் நாள் என்னிடம் கேட்டால் நான் வார்டு பெயரைத்தான் சொல்லியிருப்பேன்!

டெக்சாஸ் மாநிலச் சிறைகளின் மருத்துவத்தை 1994 முதல் இரண்டு பல்கலைக்கழகங்கள் பங்கு போட்டுப் பார்க்கின்றன. மேற்குப் பக்கம் டெக்சாஸ் டெக். மீதிப் பெரும்பகுதி கால்வெஸ்டனில் இருக்கும் டெக்சாஸ் பல்கலைக்கழக மருத்துவக் கிளையான யூ.டி.எம்.பி. கால்வெஸ்டனில் கைதிகளுக்கென்றே ஒரு தனி மருத்துவமனை இருக்கிறது. பெரிய சிக்கல் என்றால் ஆளை வண்டியில் ஏற்றி அங்கே அனுப்புவார்கள். வேறு பல மாநிலங்களில் இந்த வேலை தனியார் கம்பெனிகளிடம் இருக்கிறது. அந்தத் தொழில் எப்படிப்பட்டது என்பதற்கு ஒரு தகவல்: கோரைசன் என்ற பெரிய கம்பெனி தன் கடன்களையும் வழக்குகளையும் இன்னொரு பெயருக்கு மாற்றி, அந்தப் புதுப் பெயர் 2023-இல் திவால் மனு போட்டது. வெல்பாத் என்ற இன்னொரு கம்பெனி 2024 நவம்பரில் போட்டது. அதனால் சம்பளம் யார் தருகிறார்கள் என்று ஒப்பந்தத்தில் ஒரு தடவை விரல் வைத்துப் படியுங்கள். ஏஜென்சி தருகிறதா, கம்பெனி தந்தால்தான் ஏஜென்சி தருமா என்பது இரண்டு வேறு விஷயம்.

சரி, கைதிக்கு எதற்கு அரசு வைத்தியம் பார்க்கிறது? கருணையால் அல்ல. 1973 நவம்பரில் டெக்சாஸ் சிறை ஒன்றில் லாரியிலிருந்து பஞ்சுப் பொதி இறக்கிக்கொண்டிருந்தார் ஜே.டபிள்யூ. கேம்பிள் என்ற கைதி. 600 பவுண்ட் பொதி மேலே விழுந்தது. முதுகு வலி. மூன்று மாதத்தில் 17 முறை மருத்துவப் பணியாளர்கள் அவரைப் பார்த்தார்கள். வலி போகவில்லை, வேலைக்குப் போக மறுத்ததற்குத் தனிமைச் சிறை கிடைத்தது. கையாலேயே மனு எழுதி வழக்குப் போட்டார். 1976-இல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி தர்குட் மார்ஷல் எழுதிய தீர்ப்பு, கைதியின் தீவிரமான மருத்துவத் தேவையைத் தெரிந்தே அலட்சியப்படுத்துவது எட்டாவது அரசியல் சட்டத் திருத்தம் தடுக்கிற கொடூர தண்டனை என்றது. இதில் வேடிக்கை, கேம்பிள் தோற்றுப்போனார். 17 தடவை பார்த்திருக்கிறார்களே, எக்ஸ்-ரே எடுக்காதது அதிகபட்சம் தொழில் தவறுதான், அலட்சியம் என்று சொல்ல முடியாது என்றுவிட்டது நீதிமன்றம். அவர் பெயரால் வந்த உரிமை அவருக்கு உதவவில்லை.

இதை ஏன் இழுக்கிறேன் என்றால், ‘தெரிந்தே’ என்ற சொல் உங்கள் கையில்தான் இருக்கிறது. கைதி சொன்னதை நீங்கள் கேட்டீர்களா, தொட்டுப் பார்த்தீர்களா, யாரிடம் சொன்னீர்கள், எத்தனை மணிக்கு என்பதெல்லாம் சார்ட்டில்தான் இருக்கும். ஐசியு-வில் நம் சார்ட்டை அடுத்த ஷிஃப்ட் படிக்கும். இங்கே நாலு வருடம் கழித்து ஒரு வக்கீல் படிப்பார். “நோயாளி மிகைப்படுத்துகிறார்” என்று ஒருபோதும் எழுதாதீர்கள். அவர் என்ன சொன்னார், பல்ஸ் என்ன, வயிறு மெத்தென்று இருந்ததா இறுகியிருந்ததா, எப்படி நடந்துபோனார் என்று எழுதினால் போதும்.

இனி ஒரு நாள் எப்படிப் போகும் என்று சொல்கிறேன்.

காரிலேயே போனை வைத்துவிட்டு இறங்க வேண்டும். கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் பை. உள்ளே இருப்பது எல்லாம் வெளியே தெரிய வேண்டும். என் தயிர்சாத டப்பாவை ஒரு ஆபீசர் முகர்ந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் மூடித் தந்தார். ஒரு கதவு மூடினால்தான் அடுத்தது திறக்கும். நடுவில் நிற்கிற அந்தப் பத்து விநாடி முதல் வாரம் முழுக்க வயிற்றைப் பிசைந்தது. அப்புறம் பழகிவிடும். உள்ளே போனதும் எண்ணிக்கை. ஊசி, பிளேடு, கத்தரி, போர்செப்ஸ் எல்லாவற்றையும் போகிற நர்ஸும் வருகிற நர்ஸும் சேர்ந்து எண்ணிக் கையெழுத்துப் போட வேண்டும். ஒன்று குறைந்தால் யாரும் வீட்டுக்குப் போக முடியாது. இரண்டாவது வாரம் ஒரு கத்தரி குறைந்தது. ஒன்றரை மணி நேரம் குப்பைக்கூடை வரை கொட்டித் தேடினோம். என் ஸ்க்ரப் பாக்கெட்டில் இருந்தது. ஆஸ்பத்திரிப் பழக்கம்; கட்டு வெட்டிவிட்டு அப்படியே சொருகியிருக்கிறேன். அந்த ஷிஃப்டில் என்னோடு யாரும் பேசவில்லை.

விடியும் முன்பே இன்சுலின். பல சிறைகளில், டெக்சாஸில் குறிப்பாக, காலைச் சாப்பாடு அதிகாலை மூன்று மூன்றரைக்கே தொடங்கிவிடும். இதில் நான் பட்ட ஒரு அடியைச் சொல்கிறேன், நீங்கள் படாமல் இருக்க. ஒரு நாள் பதினோரு பேருக்கு இன்சுலின் போட்டு முடித்தேன். சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு அடிதடி. உடனே லாக்டவுன், எல்லாரும் செல்லுக்குள். சாப்பாட்டு வண்டி நின்ற இடத்தில் நின்றது. பதினோரு பேர் உடம்பில் இன்சுலின் ஓடுகிறது, வயிற்றில் ஒன்றும் இல்லை. சார்ஜென்டைக் கெஞ்சி, ஒரு ஆபீசரைக் கூட்டிக்கொண்டு, குளுக்கோஸ் ஜெல்லும் மீட்டரும் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு கதவாகப் போனேன். ஒருவருக்குச் சர்க்கரை 58-க்கு இறங்கியிருந்தது. கதவில் உணவு தள்ளும் துவாரம் வழியாக விரலை நீட்டச் சொல்லிக் குத்தினேன். அன்றிலிருந்து ஊசியை எடுக்கும் முன் ஆபீசரிடம் ஒரே கேள்வி கேட்பேன்: “சாப்பாட்டு வண்டி கிளம்பிடுச்சா?” எந்தப் புரோட்டோகாலிலும் இது இருக்காது, நீங்களே சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது மாத்திரை வரிசை. ஜன்னலில் ஒவ்வொருவராக வருவார்கள். அடையாள அட்டை, மாத்திரை, தண்ணீர், பிறகு வாயைத் திற, நாக்கைத் தூக்கு, கன்னத்தை விரி. கன்னத்தில் ஒதுக்கி வெளியே கொண்டுபோய் விற்பவர்கள் உண்டு. அடிமைப்படுத்தும் வலி மாத்திரைகள் மட்டும் என்று நினைக்காதீர்கள். நரம்பு வலிக்குத் தருகிற காபாபென்டின், மனநோய்க்குத் தருகிற குவெடியாபின், மனச்சோர்வுக்குத் தருகிற புப்ரோபியான் எல்லாவற்றுக்கும் உள்ளே ஒரு விலை இருக்கிறது. விற்கிறவர் எல்லாம் வியாபாரி இல்லை. பக்கத்து செல்காரர் மிரட்டி வாங்குவதும் உண்டு. பி.பி. மாத்திரை, இன்ஹேலர் போன்றவற்றை ஒரு மாதத்துக்குக் கையிலேயே கொடுத்துவிடும் முறையும் இருக்கிறது. யாருக்கு அதைத் தரலாம், யாருக்குக் கூடாது என்ற தீர்மானத்தில் உங்கள் பேச்சுக்கு மதிப்பு இருக்கும்.

மாத்திரை வரிசை முடிந்ததும் சீட்டு பார்ப்பது. உடம்பு சரியில்லாத கைதி ஒரு சீட்டு எழுதிப் பெட்டியில் போடுவார். பல இடங்களில் அதை ‘கைட்’, பட்டம், என்பார்கள். அதைப் படித்து யாரை இன்றே பார்க்க வேண்டும், யார் நாளைக்கு என்று பிரிப்பது நர்ஸ். முதலில் பார்ப்பதும் நர்ஸ். டாக்டர் வாரத்தில் சில நாள்தான் இருப்பார், இரவில் போனில் கிடைப்பார். அதாவது அவருக்குக் கண்ணும் கையும் நீங்கள்தான். ஐசியு-வில் மானிட்டர் கத்தும். இங்கே மானிட்டர் கிடையாது.

சீட்டுப் போடக் காசும் ஆகும் என்பது தெரியுமா? டெக்சாஸில் கைதி தானாகக் கேட்டு வந்தால் ஒரு தடவைக்கு 13 டாலர் 55 சென்ட் கணக்கில் பிடிப்பார்கள், ஆண்டுக்கு 100 டாலர் வரை. அவசரமும் நாள்பட்ட நோய்ப் பரிசோதனையும் இதில் சேராது. காசில்லை என்பதற்காக யாரையும் திருப்பி அனுப்பவும் கூடாது. ஆனால் டெக்சாஸில் பெரும்பாலான கைதிகளுக்கு வேலைக்குக் கூலி கிடையாது. வீட்டிலிருந்து அம்மாவோ மனைவியோ போடுகிற பணம்தான் கணக்கில். மத்தியச் சிறைகளில் 2 டாலர். கலிபோர்னியா 2019-இல் கட்டணத்தையே எடுத்துவிட்டது. நான் பார்த்தவரை இந்தக் கட்டணத்தால் பொய்க்காரன் நிற்பதில்லை, பணம் இல்லாதவன் தள்ளிப்போடுகிறான். சின்னப் புண்ணாக இருந்தபோது வராதவர் கால் வீங்கிய பிறகு வருவார்.

இப்போது பயப்பட வேண்டிய இடத்துக்கு வருகிறேன்.

உள்ளே பொய் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அடுக்குக் கட்டிலில் கீழ்ப் படுக்கை வேண்டும், வேலையிலிருந்து விடுப்பு வேண்டும், கொஞ்ச நேரம் ஏசியில் உட்கார வேண்டும் என்று நெஞ்சு வலி சொல்வார்கள். பத்து நாளில் நாலு பேர் உங்களை ஏமாற்றுவார்கள். பதினோராவது நாள் மூத்த நர்ஸ் ஒருவர் “எல்லாம் நடிப்பு, போகப் போகப் புரியும்” என்பார். அவர் கெட்டவர் இல்லை. பன்னிரண்டு வருடமாக ‘புலி வருது, புலி வருது’ கேட்டுக் கேட்டுக் காது மரத்துப்போனவர். கதையில் கடைசியில் புலி வந்தது என்பதை மட்டும் மறந்துவிட்டார். உங்களுக்கு அந்தக் காது வந்துவிடுமோ என்பதற்குத்தான் பயப்பட வேண்டும்.

கவுண்டி ஜெயிலில் ஒரு இரவு. ஐம்பது வயதிருக்கும், கூரை வேலை செய்பவர். உள்ளே வந்து மூன்றாவது ராத்திரி. ஆபீசர் கூப்பிட்டு, “அண்ணன்கிட்டப் பேசுறேன்னு சுவத்தோட பேசறான், மெண்டல் டீமைக் கூப்பிடுங்க” என்றார். போய்ப் பார்த்தேன். போர்வையிலிருந்து இல்லாத நூலைப் பிரித்துக்கொண்டிருந்தார். சட்டை நனைந்திருந்தது. பல்ஸ் 132, பி.பி. 178-க்கு 104. கையை நீட்டச் சொன்னால் விரல்கள் ஆடின. குடி நிறுத்தியவருக்குப் போடுகிற சீவா அளவுகோலில் 27 வந்தது, கடுமை என்று அர்த்தம். குடி விட்ட ஆறு மணி நேரத்திலிருந்து நடுக்கம் தொடங்கலாம், முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம், இரண்டு நாள் கடந்ததும் இந்த ஜன்னி. விட்டால் ஆளைக் கொல்லும். ஆம்புலன்ஸ் வந்தது, பிழைத்தார். பிறகு அவர் வந்த நாளின் தாளைப் புரட்டினேன். ‘மது: சில நேரம்’ என்று இருந்தது. அதை எழுதிய நர்ஸின் முன்னால் அன்றைக்கு முப்பது பேர் வரிசையில் நின்றிருந்தார்கள். “குடிப்பீர்களா?” என்று கேட்டால் யார்தான் ஆமாம் என்பார்கள்? “கடைசியாக எப்போது குடித்தீர்கள், எத்தனை கேன், காலையில் எழுந்ததும் கை நடுங்குமா?” என்று கேட்க வேண்டும். என் ஒப்பந்தம் முடிகிறவரை ஜெயிலில் எனக்கு இருந்த ஒரே பிடிவாதம் இதுதான்.

ஓபியாய்டு (ஹெராயின், ஃபென்டானில் வகைப் போதை) கதை வேறு. விடும்போது வாந்தியும் பேதியும் ஆளை வற்றவைக்கும். தண்ணீரும் உப்பும் பார்க்காமல் விட்டு ஜெயில்களில் செத்தவர்கள் உண்டு. நியூயார்க்கின் ரைக்கர்ஸ் தீவு ஜெயிலில் 1987-லிருந்தே இதற்கு மாற்று மருந்தான மெதடோன் சிகிச்சை தொடர்கிறார்கள். எல்லா இடமும் அப்படி இல்லை, முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். விடுதலையாகிறவரை வழியனுப்பும்போது, அளவு மீறினால் உயிர் மீட்கும் நலோக்சோன் மருந்து கிடைக்குமா என்றும் கேளுங்கள். வாஷிங்டன் மாநிலச் சிறைகளிலிருந்து வெளியேறியவர்களை வைத்து 2007-இல் வந்த ஆய்வில், முதல் இரண்டு வாரத்தில் அளவு மீறிய போதையால் சாகும் வாய்ப்பு மற்ற மக்களைவிட 129 மடங்கு இருந்தது. உடம்பு பழக்கத்தை இழந்திருக்கும், கை பழைய அளவையே எடுக்கும்.

‘நடிப்பு’ என்ற சொல்லோடு இன்னொரு முகமும் எனக்கு வருகிறது. இரண்டாவது சிறையில், வயிற்று வலி என்று ஒரே மாதத்தில் ஒன்பது சீட்டுப் போட்ட ஒருவர். கிளினிக்கில் அவருக்குப் பட்டப்பெயரே இருந்தது. ஆன்டாசிட் தந்து அனுப்பிக்கொண்டிருந்தார்கள். நான் புதுசு, பட்டப்பெயர் தெரியாது. சும்மா எடை பார்த்தேன். நாலு மாதமாக யாரும் பார்க்கவில்லை. 31 பவுண்ட் குறைந்திருந்தது. வேறொன்றும் செய்யவில்லை, அந்த ஒரு எண்ணைப் போனில் டாக்டரிடம் சொன்னேன். வெளியே ஸ்கேனுக்கு எழுதினார். அதற்கு வண்டி, இரண்டு ஆபீசர், அனுமதி எல்லாம் சேர்ந்து வர மூன்று வாரம். அதற்குள் என் 13 வாரம் முடிந்துவிட்டது. கடைசி நாள் மாத்திரை ஜன்னலில், “அடுத்த வாரமும் நீங்கதானா?” என்றார். இல்லை என்றேன். தலையை ஆட்டிவிட்டு நாக்கைத் தூக்கிக் காட்டினார், வழக்கம் போல. ரிசல்ட் என்ன வந்தது என்று எனக்குத் தெரியாது. வெளியே வந்தபின் விசாரிக்கவும் முடியாது.

டிராவல் நர்ஸின் பலமும் பலவீனமும் இதுதான். நம் காது இன்னும் மரக்கவில்லை. மரக்கும் முன் கிளம்பிவிடுகிறோம். ஆனால் தொடர்ச்சி நம்மோடு அறுந்துபோகிறது. அதனால் பத்தாவது வாரத்திலிருந்தே, முடியாமல் கிடக்கிற ஒவ்வொன்றையும் — வராத லேப், நடக்காத ஸ்கேன் — நிரந்தர நர்ஸ் ஒருவரிடம் பெயர் பெயராக ஒப்படைத்து, ஒப்படைத்ததையும் சார்ட்டில் எழுதுங்கள். நான் அந்த வயிற்று வலிக்காரர் விஷயத்தில் இதைச் சரியாகச் செய்யவில்லை.

பயமா இருக்கு என்றீர்களே, பாதுகாப்புக்கு வருகிறேன். எமர்ஜென்சி வார்டில் குடித்துவிட்டு வருகிறவன் உங்கள் மேல் பாயும்போது செக்யூரிட்டி வர எவ்வளவு நேரம் ஆகும் என்று உங்களுக்கே தெரியும். இங்கே ஆபீசர் கூடவே நிற்பார், இடுப்பில் அலாரம் இருக்கும். நான் அடி வாங்கியது ஆஸ்பத்திரியில்தான், சிறையில் இல்லை. அதற்காக உள்ளே ஆபத்தே இல்லை என்று சொல்லமாட்டேன். கதவுக்கும் உங்களுக்கும் நடுவில் நோயாளியை உட்காரவைக்காதீர்கள், ஆபீசர் பார்வையை விட்டு நகராதீர்கள். இதைவிட அதிகமாக நர்ஸ்கள் மாட்டுவது சின்ன உதவிகளில். முதலில் ஒரு பேனா கேட்பார். அப்புறம் ஒரு பாக்கெட் சர்க்கரை. அப்புறம், “போன தடவை தந்தீங்களே, சொல்லிடவா?” என்பார். முதல் பேனாவிலேயே இல்லை என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுங்கள். ஊர், குடும்பம், எந்த மோட்டலில் தங்கியிருக்கிறீர்கள் எதுவும் வாயில் வரக்கூடாது. காதல், தொடுகை என்று போனால் அது குற்றம். கைதி சம்மதித்தார் என்பது சட்டத்தில் செல்லாது.

ஒரு கைதி என்ன செய்துவிட்டு உள்ளே வந்தார் என்று வீட்டுக்குப் போய் இணையத்தில் தேடாதீர்கள். நான் ஒருமுறை தேடினேன். மறுநாள் அவருடைய புண்ணுக்குக் கட்டுப் போட்ட என் கை முந்தின நாள் கை மாதிரி இல்லை. அதற்கப்புறம் தேடியதில்லை.

ஆபீசர்களோடு நல்லபடியாக இருங்கள், அவர்கள் இல்லாமல் ஒரு கதவும் திறக்காது. ஆனால் நீங்கள் ஆபீசர் இல்லை. கடத்தல் பொருள் தேட உடம்புக்குள் பரிசோதனை செய்யச் சொன்னால், சிகிச்சைக்கு இல்லாத தேடுதலில் வைத்தியம் பார்க்கிற நர்ஸ் கலந்துகொள்வதில்லை என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு மேலதிகாரியைக் கூப்பிடுங்கள். மரண தண்டனை நிறைவேற்றத்தில் நர்ஸ் பங்கேற்கக் கூடாது என்று அமெரிக்க நர்ஸ்கள் சங்கம் 1983-லிருந்தே சொல்கிறது. தனிமைச் செல்களுக்குச் சுற்று போகும்போது ஜன்னலில் எட்டிப் பார்த்து டிக் போட்டுவிட்டு நகர்கிறவர்களைப் பார்ப்பீர்கள். நின்று, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, பதில் வரும்வரை காத்திருங்கள்.

கோடையில் போகிறீர்கள் என்றால் இன்னொன்று. டெக்சாஸ் சிறைகளில் பெரும்பாலான தங்குமிடங்களில் ஏசி இல்லை. 2011 வெயிலில் பத்துப் பேருக்குக் குறையாமல் இறந்தார்கள். 2025 மார்ச்சில் மத்திய நீதிபதி ராபர்ட் பிட்மன் இந்த வெப்பம் அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று எழுதினார், ஆனால் உடனே ஏசி போடு என்று உத்தரவிடவில்லை. மனநோய் மாத்திரைகள் பலவும் வியர்வையையும் உடம்பின் வெப்பக் கட்டுப்பாட்டையும் கெடுக்கும். டையூரெடிக் தண்ணீரை இறக்கும். போன முதல் வாரமே இந்த மாத்திரைகளில் இருப்பவர் யார் யார், குளிர்ச்சியான இடத்துக்கு யாரை மாற்றியிருக்கிறார்கள் என்று பட்டியலைக் கேளுங்கள். ஆள் உளறினால் மனநிலை என்று முடிவு கட்டும் முன் தெர்மாமீட்டர் வையுங்கள். அடுத்த ஒப்பந்தம் கலிபோர்னியா என்றால் வெயிலோடு புழுதியும் உண்டு. அவினால், பிளசன்ட் வேலி என்ற இரண்டு சிறைகளில் மண்ணிலிருந்து வரும் பூஞ்சையால் வேலி ஃபீவர் அவ்வளவு பரவி, ஆபத்து அதிகமுள்ள கைதிகளை வேறிடத்துக்கு மாற்றச் சொல்லி 2013-இல் நீதிமன்றம் உத்தரவிட்டது. அங்கே ஆறாத நிமோனியா என்றால் முதலில் அதை நினையுங்கள்.

ஐசியு கைப்பழக்கம்? உடனே போகாது. வென்டிலேட்டர், டிரிப் கணக்கெல்லாம் 13 வாரத்தில் துரு பிடிக்காது, ஒரு வருடம் போனால் பிடிக்கும். பதிலுக்கு, கருவி இல்லாமல் ஒரு ஆளைப் பார்த்து முடிவெடுக்கும் தைரியம் வரும். திரும்பி ஐசியு-வுக்கு வந்தபோது மானிட்டரைப் பார்க்கும் முன் நோயாளியைப் பார்க்கிறேன் என்று சக நர்ஸ் ஒருத்தி சொன்னாள். பிடித்துப்போனால் சிறை மருத்துவத்துக்கென்றே சி.சி.எச்.பி. என்ற சான்றிதழ்த் தேர்வு இருக்கிறது.

ஒப்பந்த விஷயத்துக்கு வேகமாக வருகிறேன். பின்னணிச் சோதனை முடியாமல் உள்ளே விடமாட்டார்கள், அது இழுக்கும். அனுமதி கையில் வருமுன் வீட்டு வாடகைக்கு முன்பணம் கட்டாதீர்கள், நான் கட்டி இழந்தேன். வாரத்துக்கு உத்தரவாதமான மணி நேரம் எவ்வளவு, லாக்டவுனால் திருப்பி அனுப்பினால் சம்பளம் உண்டா என்பதை எழுத்தில் வாங்குங்கள். வரியில்லாத தங்குபடி வாங்க, செலவு செய்து பராமரிக்கிற நிரந்தர வீடு வேறு ஊரில் இருக்க வேண்டும். ஹூஸ்டன் வீட்டிலிருந்தே தினம் போய்வருகிற தூரம் என்றால் அது உங்களுக்குக் கிடையாது, ஏஜென்சி எவ்வளவு இனிக்கப் பேசினாலும் சரி. டெக்சாஸ் காம்பாக்ட் மாநிலம் (ஒரு மாநில லைசென்ஸை இன்னொன்று ஏற்கும் கூட்டு), லைசென்ஸ் சிக்கல் இல்லை. கலிபோர்னியாவுக்குத் தனியாக வாங்க வேண்டும். சொந்தமாகத் தொழில் காப்பீடு எடுத்துக்கொள்ளுங்கள், செலவு பெரிதில்லை. இதை ஊரிலிருந்து படிக்கிறவர்களுக்கு: தமிழ்நாட்டிலிருந்து நேராக இந்த 13 வார வேலைக்கு வர வழியில்லை. அங்கிருந்து ஈபி-3 (வேலை வழியாகக் கிரீன் கார்டு தருகிற விசா) வழியாக வருகிறவர்கள் முதலில் இரண்டு மூன்று வருட ஒப்பந்தத்தில்தான் இருப்பார்கள். குறுகிய ஒப்பந்தம் எல்லாம் அது முடிந்த பிறகு.

நேர்காணல் போனில்தான் இருக்கும், பதினைந்து நிமிடம். நீங்கள் கேட்க வேண்டியது: இரவில் எத்தனை பேருக்கு எத்தனை ஆர்.என். (பதிவு பெற்ற நர்ஸ்)? நான் மட்டும்தானா? ஓரியன்டேஷன் (அறிமுகப் பயிற்சி) எத்தனை ஷிஃப்ட்? மூன்றுக்குக் குறைவு என்றால் நான் போகமாட்டேன். கடந்த ஒரு வருடத்தில் எத்தனை டிராவல் நர்ஸ் பாதியில் போனார்கள்? இந்தக் கடைசிக் கேள்விக்கு அந்தப் பக்கம் எவ்வளவு நேரம் சும்மா இருக்கிறார்கள் என்று கவனியுங்கள்.

சரியென்று பட்டால் கிளம்புங்கள். போகுமுன் வால்மார்ட்டில் செகண்ட் முள் உள்ள சாதாரணக் கைக்கடிகாரம் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்மார்ட் வாட்ச் கேட்டைத் தாண்டாது. பல்ஸ் விரலால்தான் எண்ண வேண்டியிருக்கும்.